கழிக்கரை உணவு மரபும் ஊர்ப்பெருமையும்: டிராம்பே – சீத்தா கேம்ப் கரையை முன்வைத்து

முன்னுரை

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, அவ்வந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என வகுத்தனர். தொல்காப்பியம் இவ்வரிசையில் தெய்வத்தை அடுத்து உணவை வைக்கிறது. ஒரு நிலத்து மக்களை அவர்தம் உணவால் அடையாளம் காணும் இப்பார்வை, இன்றைய உணவுப் பண்பாட்டு ஆய்வுகளுக்கும் அடிப்படையாகக் கொள்ளத்தக்கது. நெய்தல் நில உணவுகளுள் இறால், நண்டு, சிப்பி, மட்டி முதலிய ஓடுடைய உயிரிகள் தனி வகையைச் சார்ந்தன. படகும் பெருவலையும் இல்லாதவரும் கழிக்கரையில் இறங்கிக் கையால் எடுத்து உண்ணத்தக்கவை இவற்றுட் பல.

மும்பையின் கிழக்குக் கரையில் டிராம்பேயை ஒட்டி அமைந்துள்ள சீத்தா கேம்ப், அந்நகரில் தமிழர் வாழும் குடியிருப்புகளுள் ஒன்று. அதன் அருகே கோலி மீனவரின் பழைய ஊராகிய டிராம்பே கோலிவாடா உள்ளது. அப்பால் அலையாத்திக் காடும் தானே கழியின் சேற்றுப் பரப்பும் விரிந்துள்ளன. கரையில் பிறந்தோரும் கரைக்குக் கொண்டுவந்து விடப்பட்டோரும் அடுத்தடுத்து வாழும் இவ்விடத்தை முன்வைத்து, கழிக்கரை உணவு மரபுக்கும் ஊர்ப்பெருமைக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது. உணவின்மீது ஒரு சமூகம் கொள்ளும் பெருமை, அவ்வுணவு கிடைக்கும் கரையின்மீது அச்சமூகத்துக்கு உள்ள உரிமையைச் சார்ந்தே நிலைபெறுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

இலக்கணம் கூறும் உணவும் இலக்கியம் காட்டும் உணவும்

தொல்காப்பிய உரையாசிரியர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம் ஆகிய நிலங்களின் உணவைக் கூறுங்கால் அந்நிலத்தில் விளையும் பொருளையே கூறுகின்றனர். குறிஞ்சிக்குத் தினையும் முல்லைக்கு வரகும் மருதத்துக்கு நெல்லும் உணவாகின்றன. நெய்தலுக்கு வரும்போது இம்முறை மாறுகிறது. உப்பும் மீனும் விற்றுப் பெற்ற பொருளே நெய்தல் மக்களின் உணவு என உரை வகுக்கப்படுகிறது. அதாவது, நெய்தலில் உணவு என்பது விலைக்கு ஈடாக வருவது. கழியிலும் கரையிலும் எடுத்து அன்றே ஆக்கி உண்ணும் நண்டும் மட்டியும் இவ்வரையறைக்குள் அடங்கவில்லை.

இலக்கியம் இவ்வரையறையைத் தாண்டிச் செல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் சுட்டுத் தின்றதையும் வயலாமையைப் புழுக்கி உண்டதையும் பட்டினப்பாலை பதிவு செய்கிறது. சிறுபாணாற்றுப்படையில் பாணர்க்குக் கிடைக்கும் விருந்துகளுள் ஒன்று, உலக்கையால் குற்றிய அரிசியின் வெண்சோறும் நண்டுக் கலவையும் ஆகும். இவ்விருந்து மருத நிலத்து உழவர் மனையில் படைக்கப்படுவதால், நண்டு கடற்கரைக்கு மட்டுமே உரிய உணவாக இருந்ததில்லை என்பதும் புலனாகிறது.

சிப்பியின் நிலை இவற்றினின்று வேறுபட்டது. சங்கப் பாடல்களில் இப்பி எனப்படும் சிப்பி பெரும்பாலும் முத்தோடு இணைத்தே பேசப்படுகிறது. மதுரைக்காஞ்சி கொற்கையைச் சிறப்பிக்கும் இடத்தில் முதிர்ந்த முத்தும் விளங்கும் சங்குகளையுடைய சேரியும் இடம்பெறுகின்றன. முத்து வேந்தனுக்குப் பெருமை சேர்த்தது. ஊருக்குப் புகழ் தந்தது. சிப்பியின் தசையை உண்டவர் யார், அதை எவ்வாறு ஆக்கினர் என்பன பாடுபொருளாகவில்லை. எரித்திரைக் கடற்பயண நூலாகிய பெரிப்ளுஸ், கொற்கையில் முத்துக் குளித்தலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. இதனால் முத்தின் பெருமையும் அதை எடுத்த கையின் நிலையும் ஒன்றாக இருக்கவில்லை என்பது தெளிவு.

புலவும் பெருமையும்

நெய்தல் மக்கள் தம் உணவு குறித்தும் தொழில் குறித்தும் கொண்டிருந்த தன்மதிப்பை அறிய நற்றிணையின் 45-ஆம் பாடல் சிறந்த சான்றாகும். பெருநகரத்துச் செல்வக் குடியில் பிறந்து தேரில் வரும் தலைவனிடம் தோழி பேசுவதாக அப்பாடல் அமைந்துள்ளது. தலைவி மீன் பிடிக்கும் பரதவர் மகள் என்பதையும், சுறாவை அறுத்து உலர்த்திய உணங்கலைக் கவர வரும் பறவைகளை ஓட்டுவது தங்கள் வேலை என்பதையும் தோழி எடுத்துரைக்கிறாள். தங்கள் மேனியில் புலால் நாற்றம் வீசுவதால் விலகி நிற்குமாறும் கூறுகிறாள். தங்கள் சிறிய வாழ்க்கை தலைவனின் வாழ்க்கைக்கு ஒப்பாகாது என்று ஏற்றுக்கொள்பவள், தம்மைப் போன்றோரிடையிலும் தலைமை சான்ற ஆண்மக்கள் உண்டு என்று முடிக்கிறாள்.

இப்பாடலில் புலால் நாற்றம் இழிவாகக் கருதி மறைக்கப்படவில்லை, முன்னிறுத்தப்படுகிறது. அந்நாற்றத்தின் பின்னே தந்தையின் கடலும் மகளின் உலர்களமும் உள்ளன. கடல் தங்களுடையது, களம் தங்களுடையது என்னும் உறுதியே தோழியின் சொல்லுக்கு வலிமை சேர்க்கிறது. ஊர்ப்பெருமைக்கு நிலைக்களன் எது என்னும் வினாவுக்கு இப்பாடல் விடையொன்றைத் தருகிறது எனலாம்.

டிராம்பேக் கழியும் கோலியர் உணவும்

மும்பையின் தொல்குடியினருள் கோலியர் குறிப்பிடத்தக்கவர். நகரின் பெயரோடு தொடர்புடைய மும்பாதேவி அவர்கள் வழிபட்ட தெய்வம் என்பது மரபு. வொர்லி, மாகிம், வெர்சோவா, மாகுல், டிராம்பே முதலிய இடங்களில் உள்ள கோலிவாடாக்கள் நகரத்துக்கு முற்பட்ட மீனவ ஊர்களின் எச்சங்கள் ஆகும்.

டிராம்பேயின் கிழக்கே அமைந்த தானே கழி ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமுடையது. இக்கரையின் ஓத அளவு தமிழகக் கரையினின்று பெரிதும் வேறுபட்டது. தமிழகக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவுக்குள் அடங்கும். மும்பையிலோ முழுநிலா, மறைநிலா நாள்களை ஒட்டி அது நான்கு மீட்டரையும் கடக்கும். எனவே நீர் வற்றும்போது பரந்த சேற்றுவெளி வெளிப்படுகிறது. கோலியர் ஓதப் பெருக்கு மிகுந்த நாள்களை 'உதாண்' என்றும் குறைந்த நாள்களை 'பாங்' என்றும் வழங்குவர். எந்நாளில் எப்பொழுது சேற்றில் இறங்கலாம், எப்பொழுது கரையேற வேண்டும் என்னும் அறிவு இச்சொற்களில் பொதிந்துள்ளது. மட்டி பொறுக்குவதும் பாறைச் சிப்பியைச் சிறு இரும்புக் கருவியால் பெயர்ப்பதும் பெரும்பாலும் பெண்களின் பணியாக இருந்து வந்துள்ளன. பிடித்த மீனைச் சந்தைக்குக் கொண்டுசென்று விலைபேசி விற்பதும் கோலிப் பெண்களே.

மராத்தியில் மட்டியைத் 'திஸ்ரியா' என்றும் சிப்பியைக் 'காலவ்' என்றும் நண்டைச் 'சிம்போரி' என்றும் வழங்குவர். அரிசிமாவில் தட்டிய பாக்ரியும் மீன் குழம்பும் கோலியர் இல்லங்களின் அடிப்படை உணவு. கொங்கணக் கரையில் மட்டியின் ஓடுகளுள் ஒன்றை நீக்கி, தசையை மற்றோர் ஓட்டிலேயே இருக்கவிட்டுச் சமைக்கும் முறை 'ஏக் சிப்பி' எனப்படுகிறது. ஒரு சிப்பி என்னும் பொருள்படும் இத்தொடரில், தமிழில் வழங்கும் சிப்பி என்னும் சொல்லே இடம்பெற்றிருப்பது நோக்கத்தக்கது.

மழைக்காலத்தில் கடல்மேற் செல்லுதல் இயலாது. மகாராட்டிரத்தில் சூன், சூலை மாதங்களில் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடையும் உண்டு. அக்காலத்துக்கெனப் பொம்பில் மீனும், 'ஜவ்ளா' எனப்படும் மிகச்சிறு கூனி இறாலும் உலர்த்திச் சேமிக்கப்படுகின்றன. ஆவணி முழுநிலாவில் கடலுக்குத் தேங்காய் படைக்கும் நாரளி பௌர்ணமி விழாவோடு மீன்பிடிப் பருவம் மீண்டும் தொடங்கும்.

இந்த ஜவ்ளாவே தமிழகத்தின் தென்கரையோர் சென்னாக்கூனி என வழங்கும் பண்டம் ஆகும். தமிழர் அடுக்களையில் அது தேங்காயும் மிளகாயும் சேர்த்துப் பொடியாகவும் துவையலாகவும் மாறும். கோலியர் அடுக்களையில் வெங்காயத்தோடு வதக்கப்பட்டுப் பாக்ரிக்குத் துணையாகும். நற்றிணை கூறும் உணங்கலின் தொடர்ச்சி இவ்விரு மரபுகளிலும் உள்ளது. மொழியால் வேறுபட்ட இரு சமூகங்கள் ஒரே சந்தையில் ஒரே பண்டத்தைத் தத்தம் பெயரால் அறிகின்றன.

கரை அடைபட்ட வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டிராம்பேக் கரையின் தன்மை முற்றிலும் மாறியது. 1954-இல் அணுசக்தி நிறுவனம் அங்குத் தோற்றுவிக்கப்பட்டது. 1967-இல் அது பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. அதே ஐம்பதுகளில் மாகுல் பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் டிராம்பேயில் அனல்மின் நிலையமும் எழுந்தன. அறுபதுகளில் உரத் தொழிற்சாலை வந்தது. இவை நாட்டின் தொழில் வளர்ச்சிக்குத் துணைநின்றவை. ஆயினும் கழிக்கரையின் நீண்ட பகுதிகள் மீனவர் இறங்கமுடியாத பாதுகாப்புப் பகுதிகளாயின. நகரின் கழிவுநீரும் ஆலைக் கழிவும் கலந்தமையால் எஞ்சிய சேற்றுப் பரப்பின் வளமும் குன்றியது. மட்டியும் சிப்பியும் நீரை வடிகட்டி உண்ணும் உயிரிகளாதலின் நீரிலுள்ள நச்சு அவற்றின் தசையில் தங்கும். மீனுக்கு முன்னதாகவே இவை உணவுக்குத் தகுதியற்றவையாகும் நிலை இதனால் ஏற்படுகிறது.

இம்மாற்றத்தின் மற்றொரு பக்கமே சீத்தா கேம்ப்பின் தோற்றம். நகரின் பிற பகுதிகளினின்று அகற்றப்பட்டோரை மும்பை மாநகராட்சி டிராம்பேயை அடுத்த தாழ்நிலத்தில் குடியமர்த்தியதால் உருவானது ஜனதா காலனி. அங்குத் தமிழரும் பிற மொழியினரும் வாழ்ந்தனர். அணு ஆராய்ச்சி மையம் தன் விரிவாக்கத்துக்காக அந்நிலத்தைக் கோரியபோது எதிர்ப்பு எழுந்தது. கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, அறுபதுகளில் மும்பை வந்த ஜோக்கின் அற்புதம் அப்போராட்டத்தின் முன்னணியில் நின்றார். நீதிமன்றம் வரை வழக்குச் சென்றும், நெருக்கடி நிலைக் காலமாகிய 1976-ஆம் ஆண்டு மே 17-இல் காவல்துறையின் துணையோடு குடியிருப்பு அகற்றப்பட்டது. ஏறத்தாழ 70,000 மக்கள் அருகிலிருந்த சதுப்புப் பரப்பாகிய சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பை நிறுவிய அற்புதம் 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார், 2018-இல் மறைந்தார்.

சீத்தா கேம்ப் மக்களின் ஊர்ப்பெருமை இவ்வரலாற்றிலிருந்து பிறப்பது. குடிநீரும் சாலையும் இல்லாத ஈரநிலத்தை ஊராக்கியதே அவர்தம் பெருமை. கோலிவாடாவின் பெருமையோ கடலோடும் உணவோடும் பிணைந்தது. இரண்டும் ஒரே கழிக்கரையில், ஒரே காலத்தில், ஒரே வகை நெருக்கடிக்கு உள்ளாயின. கோலியரிடமிருந்து கரை சிறிது சிறிதாக விலகியது. சீத்தா கேம்ப் மக்கள் கரையருகே கொண்டுவரப்பட்டும் அதன்மீது உரிமையுடையோராக ஆகவில்லை. தாராவியிலும் இத்தகைய நிலை முன்னரே ஏற்பட்டிருந்தது. 1909-ஆம் ஆண்டின் மும்பை அரசிதழ்த் தொகுப்பு தாராவியைப் பெரிய கோலிவாடாக்கள் ஆறனுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. கழி தூர்ந்து மித்தி ஆறு மாசடைந்தபின் அங்குக் கோலிவாடா என்னும் பெயர் எஞ்சியது. மீன்பிடித் தொழில் எஞ்சவில்லை. திருநெல்வேலிப் பகுதியினின்று வந்த தமிழர் பெருகி வாழ்வது அத்தாராவியில்தான்.

தானே கழியின் சேற்றுவெளிக்கு அண்மைக் காலத்தில் புதிய மதிப்பு ஏற்பட்டுள்ளது. 2015-இல் அதன் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. அதே சேற்றில் உணவு தேடிய மனிதரின் அறிவும் வழக்குச் சொற்களும் காக்கப்படத்தக்கவை என்னும் எண்ணம் இன்னும் அவ்வளவு வலுப்பெறவில்லை. தானே கழியின் மூன்றாம் பாலம் தொடர்பான வழக்கில் 2021-இல் மும்பை உயர்நீதிமன்றம், மரபுவழி மீனவர்தம் வாழ்வாதார இழப்புக்கு ஈடு பெறும் உரிமையை ஏற்றமை இவ்வகையில் முக்கியமான முன்னேற்றமாகும்.

விளைவிக்கும் கரைகள்

ஓட்டுயிரி உணவு மரபு கரையுரிமையோடு இணைந்து வளரும்போது என்ன நிகழ்கிறது என்பதை அறிய, மேற்குக் கரையிலேயே தெற்கு நோக்கிச் செல்ல வேண்டும். வட கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் கவ்வாயிக் கழியை ஒட்டிய படன்னை, செறுவத்தூர் பகுதிகளில் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து கல்லுமக்காய் வளர்ப்பு பரவியது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தொழில்நுட்பம் அதற்குத் துணைபுரிந்தது. பாறைகளினின்று எடுத்த இளங்காய்களைக் கயிற்றைச் சுற்றி வைத்து மெல்லிய பருத்தி வலையால் பொதிவர். சில நாள்களில் வலை நைந்துபோகும். அதற்குள் காய்கள் தம் நார்களால் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். மூங்கிற் சட்டத்தில் கட்டி நீரில் தொங்கவிடப்படும் இக்கயிறுகள் மழைக்காலத்துக்கு முன் அறுவடைக்கு வரும். பெண்களின் தன்னுதவிக் குழுக்கள் இதில் பெரும்பங்கு கொண்டன. பெண்கள் தம் வீட்டருகே உள்ள நீர்ப்பரப்பிலேயே தொழில் செய்ய முடிந்தமை இதற்கு முதன்மைக் காரணம்.

இவ்வளர்ச்சிக்கு முன்பே அங்கு வலுவான உணவு மரபு இருந்தது. கல்லுமக்காயின் ஓட்டைத் திறந்து, அரிசியோடு தேங்காய், சிறுவெங்காயம், பெருஞ்சீரகம் சேர்த்து அரைத்த மாவை உள்ளே அடைத்து, ஆவியில் வேகவைத்துப் பின் மசாலா தடவிப் பொரிக்கும் 'அரிக்கடுக்க' மலபார் மாப்பிளை இல்லங்களின் சிறப்புணவு. உண்போர் அருகிலேயே இருந்தமையால் விளைவித்த பண்டத்துக்கு உள்ளூரிலேயே மதிப்பும் விலையும் கிடைத்தன. கொல்லத்தின் அட்டமுடிக் காயலில் மட்டி எடுப்போர், இனப்பெருக்கக் காலத்தில் எடுப்பதைத் தவிர்த்தும் வலைக்கண் அளவை வரையறுத்தும் தம் வளத்தைக் காத்தனர். 2014-இல் அம்மட்டி மீன்பிடிப்பு, கடல்சார் மேற்பார்வை மன்றத்தின் பன்னாட்டுச் சான்றை இந்தியாவிலேயே முதன்முதலாகப் பெற்றது.

தமிழகத்தில் இவ்வகை முயற்சிகளின் வரலாறு இன்னும் பழமையானது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பழவேற்காட்டில் சிப்பி வளர்ப்பை முயன்றார். தூத்துக்குடியில் 1961-க்குப்பின் பெருமுத்துக்குளிப்பு நிகழவில்லை. 1973-இல் அங்குச் செயற்கைமுறை முத்து வளர்ப்பு வெற்றி கண்டது. உண்ணத்தக்க சிப்பி வளர்ப்பு ஆய்வும் எழுபதுகளில் அங்கு நிகழ்ந்தது. ஆயினும் இவை காசர்கோட்டைப் போல மக்களின் பரவலான தொழிலாக வேர்கொள்ளவில்லை. சிப்பித்தசை நம் கரையூர் அடுக்களைகளில் பெருவழக்காக இடம்பெறாமை இதற்கொரு காரணம் எனக் கருத இடமுண்டு. முத்தைப் பாடிய மரபு சிப்பியைப் பாடாமை இங்கு நினைக்கத்தக்கது.

இதற்கு மாறாக, தொண்ணூறுகளில் நாகை முதலிய கரைகளில் பரவிய ஏற்றுமதி இறால் பண்ணைகள் ஊர்ப்பெருமையை வளர்க்கவில்லை, ஊர்ப்பகையையே வளர்த்தன. நன்னீர் உவராயிற்று, மீனவர் கடலுக்குச் செல்லும் வழிகள் அடைபட்டன. காந்தியர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தினின்று அத்தகைய பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. மரபுவழிப் பண்ணைகளுக்கு விலக்களித்தது. 2005-இல் இயற்றப்பட்ட கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் நிலைமையை மீண்டும் மாற்றியது. இறால் என்னும் ஒரே உயிரி, பட்டினப்பாலையின் பரதவர்க்கு உணவாகவும் பிற்காலப் பரதவர்க்கு இடையூறாகவும் அமைந்தமைக்குக் காரணம் அக்கரை யாருடையது என்பதே.

கணக்கில் வாராத உணவு

பழவேற்காட்டில் மீனவர் குலுக்கல்வழி முறைவைத்து மீன்பிடி இடங்களைப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் ஒழுங்கு உள்ளது. அது கரையுரிமையை ஊரே வகுத்துக்கொண்டமைக்குச் சான்று. ஆனால் அதே பகுதியில் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்வியபடி நீரில் அமர்ந்து இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் அவ்வொழுங்குக்கு வெளியே நிற்கின்றனர். உரையாசிரியர்கள் நெய்தல் உணவை விலையால் வரையறுத்தபோது விடுபட்டது எதுவோ, அதுவே இக்காலப் புள்ளிவிவரங்களிலும் பெரும்பாலும் விடுபடுகிறது. இறங்குதளத்துக்கு வரும் மீன் எண்ணப்படுகிறது. கூடையோடு வீட்டுக்குப் போகும் மட்டி எண்ணப்படுவதில்லை. படகுக்குப் பதிவு உண்டு. கைக்குப் பதிவு இல்லை. கரை அழியும்போது இழப்பீட்டுக் கணக்கில் முதலில் மறைவது இவ்வுணவும் இதை எடுத்த பெண்களும் ஆவர்.

முடிவுரை

நெய்தல் உணவை விலைப்பொருளாக மட்டும் காணும் பார்வை உரைமரபில் தொடங்கி இன்றைய நிர்வாகம் வரை நீடிக்கிறது. சங்க இலக்கியமோ சுட்ட இறாலையும் நண்டுக் கலவையையும் உணங்கல் காத்த மகளையும் காட்டி அப்பார்வையை நிறைவு செய்கிறது.

டிராம்பேக் கோலியரின் மட்டி, சிப்பி உணவுகள் ஓதம் பற்றிய அறிவோடும் பெண்களின் உழைப்போடும் பிணைந்தவை. கரை அடைபட்டதாலும் நீர் மாசடைந்ததாலும் அவை நலிந்தன. அவ்வடைப்பின் மறுபக்கமாகவே சீத்தா கேம்ப் உருவாயிற்று. எனவே கோலிவாடாவின் உணவு வரலாறும் சீத்தா கேம்ப்பின் குடியேற்ற வரலாறும் ஒன்றாகப் படிக்கத்தக்கவை.

காசர்கோடும் அட்டமுடியும், மக்கள் தம் நீர்ப்பரப்பின்மீது உரிமை கொண்டு தாம் உண்பதையே விளைவிக்கும்போது உணவும் பெருமையும் ஒருங்கே வளர்வதைக் காட்டுகின்றன. உரிமையற்ற இடத்தில் உணவுப்பெருமை விழாக்களிலும் பெயர்ப்பலகைகளிலும் மட்டுமே எஞ்சும். புலால் நாறுகிறோம் என்று தலைநிமிர்ந்து கூற, நற்றிணைத் தோழிக்கு ஒரு கரை இருந்தது. மும்பைத் தமிழரின் சென்னாக்கூனி வழக்கும் கோலியரின் கழிக்கரைச் சொற்களும் ஒப்பிட்டுத் தொகுக்கப்படின், நெய்தல் திணை பற்றிய ஆய்வு தமிழக எல்லையைக் கடந்து விரிவடையும்.